மஞ்சள் பட்ட எலும்பு

வயிற்றுக்குள் புரண்டுகொண்டிருக்கும் என் பிள்ளைக்கு,

இதை நீ படிக்கும்போது உனக்கு இப்போதைய என் வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பத்தொன்பது. அதற்கு முன்னால் உன் கையில் கிடைத்தாலும் படி, தப்பில்லை. ஆனால் அப்போது இது உனக்கு ஒரு மீன் கதையாக மட்டுமே தெரியும். நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அதைக் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதனால் பிள்ளை என்றே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள் இவை. முன்பக்கங்களில் அறிவியல் படங்கள் இருக்கின்றன, பூவின் குறுக்குவெட்டுத் தோற்றம், இதயத்தின் நான்கு அறைகள். அவற்றைக் கிழிக்க மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நாளைக்கு எனக்கு வளைகாப்பு. சாப்பாடு முடிந்ததும் அம்மா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவாள். இப்போது வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போகிறது, அதன் மேல் பட்ட வெளிச்சம் உள்ளே வந்து உத்திரத்தில் அசைகிறது. உன் அத்தை கிணற்றடியில் குந்தியிருக்கிறாள். நாளைக்கு ஆரத்தி கரைக்க வாங்கிய சுண்ணாம்பு நல்லதா என்று பார்க்க, ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்து அதில் ஒரு சிட்டிகை கரைத்தாள். மஞ்சள் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சிவந்தது. அதைப் பார்த்ததும்தான் எழுந்து வந்து இந்த நோட்டைத் தேடி எடுத்தேன்.

நான் அதிகம் பேச மாட்டேன். இதை நீ மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருப்பாய். உன் அப்பா கேலியாகச் சொல்வார். நான் ஏன் பதினொன்றாம் வகுப்போடு நின்றேன் என்று கேட்டால், உடம்பு சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். உன்னிடம் பொய்யிலிருந்து தொடங்க விருப்பமில்லை.

பத்தாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளி. டீச்சருக்கு என் முகம் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிடாமலே வருகைப் பதிவு போட்டுவிடுவார். பதினொன்றுக்கு டவுன் பள்ளியில் சேர்ந்தேன். ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர். நான் கடைசி வரிசையில் ஜன்னலோரம். சார் பெயர் வாசித்ததும் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நான் சொல்வேன். என் காதுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் அது சார் மேசை வரை போகாது. அவர் இன்னொரு தடவை கூப்பிடுவார், பிறகு தலை நிமிராமல் பேனாவால் ஏதோ போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முதல் நாள் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாம் நாள், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரோ என்று பயந்தேன். இப்படியே நாள் கூடக் கூட பயமும் கூடியது. பள்ளிக்குத் தினமும் போனேன், தினமும் அங்கே இருந்தேன், ஆனால் பதிவேட்டில் நான் இல்லை. ஒரு நாள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. உங்கள் மகள் நீண்ட நாட்களாகப் பள்ளிக்கு வராததால் பெயர் நீக்கப்படுகிறது என்று.

"தெனமும் டிபன் பாக்ஸக் கட்டிக்கிட்டு எங்கடி போன?" என்று அம்மா கேட்டாள். அவள் கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது, கடிதத்திலும் ஒட்டியது. "வாயத் தொறந்து சொல்லேண்டி. எவன் கூடயாவது பேசிக்கிட்டு நின்னியா?" பள்ளிக்குத்தான் போனேன் என்ற ஒரு வார்த்தை போதும். தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை. மறுநாள் அம்மாவோடு சந்தைக்குப் போய் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தேன்.

அம்மாவை நீ பார்த்திருப்பாய், இனி அவளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சந்தையில் மீன் வாங்குகிறவர்களுக்கு அங்கேயே ஆய்ந்து கொடுப்பது அவள் வேலை. அடுத்த ஒன்றரை வருஷம் எனக்கும் அதுதான் வேலை. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. கெளுத்திக்கு முள்ளை ஒடிக்க வேண்டும், விராலுக்குச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும், கெண்டைக்குச் செவுளைப் பிடுங்கும்போதே தொண்டைக்குள் விரலை விட்டு அந்தச் சின்ன எலும்பையும் எடுத்துவிட வேண்டும். கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, தெரியுமா? பல் அதன் தொண்டையில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாகப் பிறைபோல இரண்டு எலும்பு, அதில் வரிசையாகக் கொக்கிப் பல். விழுங்கிய பிறகுதான் அது மெல்லும். வாய்க்கு வெளியே ஒன்றும் வராமல் எல்லாவற்றையும் தொண்டைக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருக்கிற அந்த மீன்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். காரணம் நீயே கண்டுபிடித்திருப்பாய்.

பதினெட்டு முடிந்த மாதம் மேடத்திடம் வேலைக்குப் போனேன். மேடம் ஒரு கல்லூரி ஆசிரியை, மண்ணுக்குள் கிடக்கிற பழைய எலும்புகளை ஆராய்கிறவர். தஞ்சாவூருக்குத் தெற்கே செம்மண் மேட்டில் ஒரு பள்ளம், அதன் அடியில் நீலம் கலந்த களிமண், அந்தக் களிமண்ணில் மீன் எலும்பு. எத்தனை ஆயிரம் வருஷம் என்று கேட்டால் ஆயிரத்தில் கேட்காதே, லட்சத்தில் கேள் என்பார். அந்த மேட்டில் மண்ணைக் கழுவத் தண்ணீர் கிடையாது. அதனால் எங்கள் ஊர் வாய்க்கால் ஓரம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, மண்ணை மூட்டை மூட்டையாக அங்கே கொண்டுவந்தார். ஆற்றில் தண்ணீர் திறந்த பிறகுதான் வேலை. மூட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிவந்தவர் உன் அப்பா. களிமண்ணைத் தட்டில் ஊறவைத்துச் சல்லடையில் அலசினவள் அவருடைய அக்கா செல்வி, உன் அத்தை. அன்றைக்கு எனக்குச் செல்வி அக்கா.

"ஊருல எல்லாரும் தண்ணியில மீன் புடிப்பாங்க. நீங்க மண்ணைக் கழுவிப் புடிக்கிறீங்க" என்பார் உன் அப்பா, மூட்டையை இறக்கிக்கொண்டே. "புடிச்சத கொழம்பு வைக்கவாவது முடியுமா?"

"நீ எறக்குற வேலையப் பாருடா. வந்துட்டான் மீனுக்கு மொய் எழுத" என்பாள் செல்வி அக்கா. நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டே சிரிப்பேன். அவர் என் சிரிப்பைக் கவனிக்கிறார் என்று அப்போது தெரியாது.

சல்லடையில் தங்கியதை வெள்ளைத் தட்டில் பரப்பி, தூரிகையால் தள்ளித் தள்ளி எலும்பைப் பொறுக்க வேண்டும். அந்த எலும்புகளெல்லாம் தேன் நிறம். முள், செதில், முதுகெலும்பின் வட்டுகள், உடைந்த நத்தை ஓடுகள். மத்தியான நேரத்தில் பம்புசெட் சத்தம் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டில் பரவியிருக்கும் தண்ணீர் எனக்கு ஓர் ஆறாகத் தெரியும். காவிரி என்று யாரும் பெயர் வைக்காத ஆறு. கரையில் நாற்று இல்லை, வரப்பு இல்லை, மனிதனே இல்லை. தண்ணீர் மட்டும் மெதுவாகப் போகிறது. அடியில் ஒரு மீன் நின்றுகொண்டிருக்கிறது.

என்ன மீன் என்று கண்டுபிடிப்பது எப்படி என்றால், இப்போது உயிரோடு இருக்கிற மீன்களின் எலும்பை எடுத்துவைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அதே மீன். எதனோடும் பொருந்தாவிட்டால் அது இப்போது இல்லாத மீனாக இருக்கலாம். அதற்காக மேடம் சந்தையிலிருந்து எல்லா ரக மீனிலும் ஒன்று கொண்டுவரச் சொன்னார். சதை கழலும்வரை வேகவைத்து, எலும்பைச் சுத்தம் செய்து, பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மீன் ஆயத் தெரிந்தவள் என்று அந்த வேலை எனக்கு வந்தது.

"வெறும் தண்ணியில வேகவைம்மா. வேற எதுவும் போடக் கூடாது" என்றார் மேடம். நானும் தலையாட்டினேன்.

முதல் மீன் ஓர் ஆற்றுக் கெண்டை. ஆய்ந்தேன், அலசினேன், அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதித்து வரும்போதுதான் பார்த்தேன், மஞ்சளாக இருந்தது. எப்போது மஞ்சள் தடவினேன் என்று எனக்கே நினைவில்லை. மீனைக் கையில் எடுத்தால் மஞ்சளும் உப்பும் தடவாமல் சட்டியில் போட என் கைக்குத் தெரியாது. யோசித்துச் செய்கிற காரியமா அது? எலும்பெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. திரும்பத் திரும்பக் கழுவினேன், போகவில்லை. மேடத்திடம் சொல்லி வேறு மீன் கேட்டிருக்கலாம். சொல்லாமல் காயவைத்து, பெயர் எழுதிப் பெட்டியில் போட்டேன். அடுத்த மீன்களை வெறும் தண்ணீரில்தான் வேகவைத்தேன்.

அது முதல் தப்பு, சின்னது. இரண்டாவதும் சின்னதுதான். தட்டில் கிடைத்த ஒரு துண்டு, தொண்டை எலும்பின் துண்டுபோல இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் பெட்டியிலிருந்து அந்தக் கெண்டையின் இடது பக்கத்துத் தொண்டை எலும்பை எடுத்து வந்தேன். அது என் வேலை இல்லை, ஆசை மட்டும்தான். அதற்குள் செல்வி அக்கா டீக்குக் கூப்பிட்டாள், எலும்பை ஒரு காலித் தட்டில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது யாரோ அந்தத் தட்டில் களிமண்ணைக் கொட்டி ஊறவைத்திருந்தார்கள், எலும்பு கண்ணில் படவில்லை. தேடினேன். சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவினேன். "என்னடி தொலைச்ச?" என்றாள் அக்கா. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அந்தத் தட்டின் களிமண்ணை அலசும் முறை வர இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த நாள் செல்வி அக்கா போட்ட கூச்சல் இப்போதும் காதில் இருக்கிறது. "மேடம், ஓடியாங்க! முழுசு! ஒடையாம முழுசு!" அதுவரை கிடைத்ததெல்லாம் உடைசல், உதிர்ந்த பற்கள். இது ஒரு முழுத் தொண்டை எலும்பு, எல்லாக் கொக்கிப் பல்லோடும். இரண்டு வாரச் சேற்றில் மற்றவை போலவே தேன் நிறத்தில் இருந்தது. மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறு பிள்ளைபோலச் சிரித்தார். "லேசா இருக்கே" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அதை மறந்துவிட்டார். திருவையாற்றிலிருந்து அசோகா வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். என் வாயில் வைத்தது இனிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு பெட்டியைத் திறந்து வலது எலும்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். கும்பிடுகிற இரண்டு கைபோல அப்படியே சேர்ந்தது. உள்மடிப்பில், விரல் படாத இடத்தில், கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது.

சொல்லவில்லை, என் பிள்ளையே. பதினொரு நாள் சொல்லவில்லை.

நான் மட்டும் கெட்டுப்போகிற விஷயமாக இருந்தால் அது வேறு. ஆனால் அந்த எலும்பை வைத்து மேடம் ஒரு முடிவுக்கு வந்தார். "கொக்கிப் பல், மூணு வரிசை. நம்ம ஆத்துக் கெண்டையேதான். புதுசு ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் இருந்திருக்கு, இன்னைக்கும் இருக்கு" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது, ஆனால் நியாயமான ஏமாற்றம். அப்படியானால் மற்ற உடைசல்களில் இருந்த பற்கள் ஏன் கொக்கியாக இல்லை, ஏன் பச்சரிசியை வட்டமாக உருட்டியதுபோல மொண்ணையாக இருக்கின்றன என்று செல்வி அக்காவே கேட்டாள்.

"வயசான மீனா இருக்கும். மென்னு மென்னு தேஞ்சிருக்கும்" என்றார் மேடம்.

அது அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஆய்ந்த கெண்டைகளுக்குக் கணக்கில்லை. கிழட்டுக் கெண்டையின் பல் தேய்ந்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து தேயும், பழைய கத்திபோல. இவை தேயவே இல்லை, பிறக்கும்போதே உருண்டை. இன்னொன்றும் பார்த்திருந்தேன். ஒரு துண்டு என் சுண்டுவிரல் நகத்தில் பாதி, அவ்வளவு சின்னது, குஞ்சு மீனுடையது. அதிலும் பல் உருண்டைதான். குஞ்சுக்கு எப்படி முதுமை வரும்? அந்த மண்ணில் மீனுக்குப் பக்கத்திலேயே நத்தை ஓடு நொறுங்கிக் கிடந்தது. அது நத்தையைத் தொண்டையில் வைத்து நொறுக்கித் தின்ற மீன். இன்றைக்கு எங்கள் ஆற்றிலும் குளத்திலும் அப்படி ஒன்று இல்லை. எங்கள் சந்தைக்கு வந்ததில்லை. அந்த மீன் எங்கேயோ தீர்ந்துபோனது. அது இருந்ததற்கு அந்த உடைசல்தான் சாட்சி. அந்தச் சாட்சியை என் மஞ்சள் எலும்பு பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் கனவு வந்தது. பட்டப்பகலில், தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே வரும். அந்தப் பழைய ஆறு. தண்ணீருக்கடியில் வெளிச்சம் பச்சையாக இறங்குகிறது. அடியில் ஒரு மேசை, பதிவேடு திறந்திருக்கிறது. சார் தலை நிமிராமல் ஒவ்வொரு மீனாகப் பெயர் வாசிக்கிறார். விரால், கெளுத்தி, குரவை, ஆரால். எல்லாம் சொல்லிவிட்டுப் போகின்றன. கடைசி வரிசையில் ஒரு மீன் நிற்கிறது. பெரிய கண். அதை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் அது வாயைத் திறக்கிறது. உள்ளேன் என்கிறது. குமிழி மட்டும் மேலே போகிறது. சார் பதிவேட்டை மூடுகிறார்.

பதினோராம் நாள் பெட்டிகளைக் கட்டத் தொடங்கினார்கள். மறுநாள் காலை எல்லாம் கல்லூரிக்குப் போய்விடும். உன் அப்பா வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். மேடம் அந்த முழு எலும்பைப் பஞ்சில் வைத்துச் சின்ன டப்பாவை மூடப் போனார். நான் எழுந்து போய் அவர் மேசை முன்னால் நின்றேன். வகுப்பில் போகாத அந்த நாலு அடி தூரத்தை அன்றைக்குப் போனேன்.

"என்னம்மா?"

வாய் திறந்தது. "இது... நான் வேகவச்சது மேடம்."

"எது?"

"இந்த எலும்பு. அந்தக் கெண்டையோட எலும்பு. தட்டுல விழுந்துடுச்சு."

மேடம் சிரித்தார். "அப்படித் தெரியுதா உனக்கு? ஒரே இனம்னா ஒரே மாதிரிதாம்மா இருக்கும்." நான் பெட்டியிலிருந்து வலது எலும்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அப்போதும் அவர் நம்பவில்லை. என்மேல் கோபமில்லை, நம்பத்தான் முடியவில்லை. செல்வி அக்காவிடம் போய்க் கை நீட்டினேன்.

"அக்கா, சுண்ணாம்பு."

"ஏண்டி, வெத்தலை போடுற நேரமாடி இது?" என்றாள். ஆனாலும் இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மேடத்தைப் பார்த்தேன். "கொஞ்சூண்டு வைக்கட்டுமா மேடம்? அடிப்பக்கம் மட்டும்." அவர் தலையாட்டினார். ஈர்க்குச்சி நுனியில் சுண்ணாம்பு எடுத்து, தண்ணீர் தொட்டு, எலும்பின் உள்மடிப்பில் வைத்தேன்.

சிவந்தது. மெதுவாக, வெட்கப்பட்ட முகம்போல.

"அடியாத்தே!" என்றாள் செல்வி அக்கா. "மேடம், இது ஆரத்தி! மஞ்சள் போட்டுக் கழுவியிருக்கா பாவி மக!"

மேடம் வேறு இரண்டு துண்டுகளைக் கொடுத்து அவற்றிலும் வைக்கச் சொன்னார். அவை தேன் நிறத்திலேயே இருந்தன. மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தனை நாளாத் தெரியும்?" என்றார்.

"பதினோரு நாள்."

"பதினோரு நாளா நான் எழுதுனதெல்லாம்..." முடிக்கவில்லை. எழுந்து வெளியே போய் வாய்க்காலைப் பார்த்து நின்றார். திரும்பாமலே, "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார்.

உன் அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டார். எங்கள் தெரு முனையில் இறங்கும்போது, "ஒண்ணு சொல்லட்டுமா? உன் குரலை இன்னைக்குத்தான் கேக்குறேன். நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. வேலை போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். அவள் நான் பேசி முடிக்கும்வரை கையை நிறுத்தி வைத்திருந்தாள். "மீனுக்கு மஞ்சள் போடாம எவளாவது சட்டியில போடுவாளா? அந்தம்மாவுக்கு என்ன தெரியும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு இஸ்கூல் சமாச்சாரத்தையும் இப்படியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவளுக்கு எப்போதோ புரிந்திருக்கிறது. அவளும் என்னிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலை செல்வி அக்கா வாசலில் வந்து நின்றாள். "வாடி, ஊமைக்கோட்டான். மேடம் கூப்புடுறாங்க. ராத்திரியெல்லாம் தூங்கலையாம், கண்ணு செவந்து கெடக்கு." போனேன். மேடத்தின் மேசையில் அந்த முழு எலும்பு இல்லை. உடைசல் மட்டும் பரப்பியிருந்தது.

"அதை எடுத்துட்டா மிச்சம் இவ்வளவுதான்" என்றார். "இப்ப இது என்னன்னு எனக்குத் தெரியல. நீ ஏதாவது பாத்தியா?"

குஞ்சு மீனின் துண்டைத் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். உருண்டைப் பல்லைக் காட்டினேன். சாய்ந்து தேயும் கதையைச் சொன்னேன். நத்தையைச் சொன்னேன். திக்கித் திக்கித்தான். அவர் குறுக்கிடவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். நான் பேசியதை ஒருவர் எழுதிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கல்லூரிக்குக் கட்டிய பெட்டிகளைத் திரும்பப் பிரித்து, பிறகு மாதக்கணக்கில் பார்த்தார்கள். பூம்புகார் பக்கம் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்தும், மேலே மலையடி ஓடைகளிலிருந்தும் கெண்டைகள் வந்தன. எல்லாவற்றையும் நான்தான் வேகவைத்தேன், வெறும் தண்ணீரில். அடுப்பங்கரையில் மஞ்சள் டப்பாவே இருக்கக் கூடாது என்று செல்வி அக்கா எடுத்து ஒளித்துவைத்தாள். எதுவும் பொருந்தவில்லை. வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், அவர்களும் அதையே சொன்னார்கள். கெண்டை வகைதான், ஆனால் இப்போது உயிரோடு இல்லாத கெண்டை. மேடம் அதற்கு வைத்திருக்கும் பெயர் நீளமானது, என் நாக்கில் ஏறவில்லை. அவர் எழுதிய கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. எடுத்த எலும்புகளுக்குள் மஞ்சள் தடவிய தற்கால மீனின் எலும்பு ஒன்று கலந்திருந்தது, அது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது என்று. "தப்பையும் எழுதணும்மா. நாளைக்குப் பாக்குறவங்களுக்கு அதுவும் தெரியணும்" என்றார். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறது. பதிவேட்டில் அடித்த பெயர் அச்சில் வந்தது. அந்தப் பக்கத்தை உன் அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்து ஊரெல்லாம் காட்டியதும், பிறகு செல்வி அக்கா எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்ததும் உன் அத்தை வாயால் கேட்டால்தான் சுவை.

இதையெல்லாம் நான் தைரியசாலி என்று காட்டிக்கொள்ள எழுதவில்லை. நான் இன்றைக்கும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கக் கூச்சப்படுகிறவள். நாளைக்கு இத்தனை பேர் நடுவில் உட்கார வேண்டுமே என்று இப்போதே கை குளிர்கிறது. நீயும் என்னைப் போலவே பிறக்கலாம். அப்படிப் பிறந்தால் வருத்தப்படாதே. பேசாமல் இருப்பது தப்பில்லை. அப்படி இருக்கிறவர்கள் கண்ணில் மற்றவர்கள் பார்க்காதது படும். ஆனால் பார்த்ததை உனக்குள்ளேயே வைத்து அரைத்துக்கொண்டிருக்காதே. உன் மௌனத்தால் உனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைப்பாய், நானும் நினைத்தேன். என் பதினொரு நாள் மௌனத்தில் ஒரு மீன் இரண்டாம் தடவை அழிந்துபோகப் பார்த்தது. குரல் போகவில்லை என்றால் கால் போகட்டும். எழுந்து மேசை வரை போய் நின்றுவிடு. நின்றால் என்னம்மா என்று யாராவது கேட்பார்கள்.

உனக்கென்று சேர்த்துவைக்க என்னிடம் அதிகம் இல்லை. இந்த நோட்டின் பின் அட்டையில் ஒரு பொட்டலம் ஒட்டியிருக்கும். உள்ளே அந்த எலும்பு இருக்கிறது, ஒரு முனையில் சிவப்போடு. மேடத்திடம் கேட்டு வாங்கிவந்தேன். கல்லூரியில் அதற்கு மதிப்பில்லை, சந்தையில் எறிகிற கழிவு. உனக்கு எப்போதாவது ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டி வந்து தொண்டை அடைத்தால் எடுத்துப் பார். உன் அம்மாவுக்கும் அடைத்தது.

உன் அத்தை கூப்பிடுகிறாள். நாளைக்கு மேடமும் வருகிறாராம். குழந்தை பிறந்த பிறகு தனித்தேர்வு எழுதுகிறாயா என்று கேட்டு ஒரு படிவம் கொண்டுவருவாராம். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஏதாவது சொல்லிவிடுவேன்.

சற்று முன்பு உன் அப்பா உள்ளே வந்தார். நான் எழுதுவதைப் பார்த்து ஒன்றும் கேட்காமல், தரையில் உட்கார்ந்து என் வயிற்றின் அருகே வாயை வைத்து, "யாரு அங்க?" என்றார். எனக்கு அது பதிவேடு வாசிக்கிற சார் குரலாகக் கேட்டது. நீ உதைத்தாய். அவர் கன்னத்தில் பட்டது, என் பேனா கோணலாக இழுத்துவிட்டது. மேலே அந்தக் கோடு இருக்கிறது, பார். அதை நான் அடிக்கவில்லை. அது உன் கையெழுத்து. நீ இருக்கிறாய் என்று குறித்துக்கொண்டேன்.

உன் அம்மா